திரையை விலக்கிய தாய்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

பிணி கண்டு அஞ்சுவது இயல்பு. பிணியைச் சொல்ல நாணுவது பேதைமை. இதனைத் தம் வாழ்வால் உணர்த்திய பெருமாட்டி டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆவார்.

1886ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்களே பயின்ற மன்னர் கல்லூரியில், திரைமறைவில் தனித்து அமர்ந்து பாடம் கேட்டார் அம்மையார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். வகுப்பில் எழுந்து ஐயம் கேட்கும்போதெல்லாம் அந்தத் திரையை எண்ணிக்கொள்கிறேன்.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். 1927இல் சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவரானார். சிறுமியருக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து அங்கே போராடினார். அப்பெண்கள் சுரண்டலுக்கும் நோய்க்கும் இரையாவதை மருத்துவர் என்ற முறையில் நன்கறிந்தவர் அவர். விபசார விடுதிகளை ஒடுக்கும் சட்டம் 1930இல் வந்தது. பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் 1947இல் நிறைவேறியது.

சட்டத்தோடு அவர் நின்றுவிடவில்லை. அவ்வழக்கத்திலிருந்து தப்பி வந்த பெண்களை விடுதிகள் ஏற்க மறுத்தபோது, தம் வீட்டுக் கதவைத் திறந்தார். அவ்வை இல்லம் பிறந்தது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம், 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையாக மலர்ந்தது. 1968இல் அம்மையார் மறைந்தார்.

பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், 1986இல், இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலாகச் சென்னையில் கண்டறியப்பட்டது. இன்று அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் ஆலோசனையும் பரிசோதனையும் இலவசம். தக்க சிகிச்சை இல்லையேல், கிருமியுள்ள தாய்மார்க்குப் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு 15 முதல் 45 வரை தொற்று ஏற்படலாம்; சிகிச்சை பெற்றால் அது 5க்கும் கீழே குறைகிறது. பரிசோதனை முடிவை இரகசியமாகக் காக்க 2017ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு.

ஆயினும், தெரிந்தவர் யாரேனும் பார்த்துவிட்டால் என்ற அச்சம் எம் தருமபுரி மாவட்டத்திலும் பலரைத் தடுக்கிறது. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்வரும் இளைஞருக்கும், சித்தேரி மலையிலிருந்து இறங்கி வரும் தாய்க்கும் கூலி நாள் ஒன்று போகிறது. துணிந்து வந்தவரை ஏளனப் பார்வை திருப்பி அனுப்பிவிட்டால் மருந்து இருந்தும் பயனென்ன? பால்வினை நோய்க்கும் காய்ச்சலைப் போலவே மருத்துவம் கிடைக்கவேண்டும். தனி அறை, கனிவான சொல், மலையூருக்கே வரும் பரிசோதனை, கல்லூரிதோறும் ஆண்டுக்கொருமுறை மருத்துவர் உரை ஆகியன வேண்டும்.

அம்மையார் பெயரால் தமிழக அரசு மகப்பேறு நிதியுதவி வழங்குகிறது. அதற்குப் பதிவு செய்ய வரும் தாய்மார்க்கு எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்யப்படுவது எவ்வளவு பொருத்தம்! கல்லூரித் திரை அன்றே விலகியது. நாணம் என்னும் திரையை விலக்குவது மாணவராகிய நம் கடன்.