மெட்ராஸ் கவர்னர் வாங்கிய 410 காரட் வைரம்! பிட் துரையின் கதை

நுங்கம்பாக்கத்தில் தினமும் ரயில் ஏறுகிறவர்கள், வியாசர்பாடியில் கடை வைத்திருப்பவர்கள், சாத்தங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் கணக்கு எழுதுகிறவர்கள், இவர்கள் ஊரெல்லாம் ஒரு காலத்தில் பட்டணத்தோடு சேராத தனிக் கிராமங்கள். அவற்றை நவாபிடம் பேசி வாங்கிக் கோட்டையோடு சேர்த்த ஆசாமியின் பெயர் தாமஸ் பிட்.

பிட் என்றதும் பரீட்சை ஹாலில் அடிக்கிற பிட் ஞாபகத்துக்கு வர வேண்டாம். இது இங்கிலாந்தில் டார்செட் ஜில்லாவைச் சேர்ந்த ஒரு பழைய குடும்பத்தின் பெயர். அந்தப் பெயரில் அமெரிக்காவில் ஒரு பெரிய நகரம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஒரு கடைவீதி இருக்கிறது. பினாங்கில் நம் தமிழ் முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசல் நிற்கிற தெருவுக்கும் வெகுகாலம் அதே பெயர்தான். இங்கிலாந்தின் இரண்டு பிரதம மந்திரிகள் அந்த வீட்டுப் பிள்ளைகள்.

அத்தனைக்கும் முதல் போட்டவர் தாமஸ் பிட். அந்த முதல் அவருக்குக் கிடைத்த இடம் நம்ம ஜார்ஜ் கோட்டை!

கள்ள வியாபாரி

பிட் பிறந்தது 1653-ல். அப்பா பாதிரியார். பையனுக்கோ சாமி காரியத்தில் நாட்டமில்லை, சம்பாத்தியத்தில்தான் கண். 20 வயசு தாண்டியதும் கப்பல் ஏறி, இன்றைய ஒடிசா கரையில் உள்ள பாலசோரில் வந்து இறங்கிவிட்டார்.

அந்தக் காலத்தில் இந்தியாவோடு வியாபாரம் செய்ய கிழக்கிந்தியக் கம்பெனி ஒன்றுக்குத்தான் ராஜா லைசென்சு கொடுத்திருந்தார். வேறு எந்த இங்கிலீஷ்காரன் சரக்கு வாங்கி விற்றாலும் அது கள்ள வியாபாரம். பிட் செய்தது அதைத்தான். ஆளைப் பிடித்து அனுப்பு என்று லண்டனிலிருந்து உத்தரவு வந்தது. பிட் என்ன செய்தார்? வங்காளத்தில் கம்பெனியின் தலைமை அதிகாரியாக இருந்த வின்சென்ட் என்பவரின் உறவுப் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டார். அப்புறம் யார் பிடிப்பது?

1682-ல் மறுபடி ஒரு கப்பலோடு வங்காளத்துக்கு வந்தார். ஊக்ளியில் இறங்கும்போது சிவப்புக் கோட்டு போட்ட சிப்பாய்கள், ஊதுகொம்பு என்று ஜமீன்தார் தோரணை. கம்பெனி அதிகாரிகளுக்கு வயிற்றெரிச்சல். 1683-ல் லண்டன் திரும்பியதும் கைது செய்தார்கள். கேஸ் நடந்து 1,000 பவுண்டு அபராதம். அதையும் பிறகு 400 ஆகக் குறைத்துக்கொண்டார் மனிதர்.

கையில் இருந்த பணத்துக்கு நிலம் வாங்கினார். ஓல்டு சாரம் என்ற இடமும் அவர் கைக்கு வந்தது. அது ஒரு பாழடைந்த மேடு. குடியிருப்பு கிடையாது. ஆனால் பழைய வழக்கப்படி பார்லிமெண்டுக்கு அங்கிருந்து 2 மெம்பர்கள்! நிலத்துக்குச் சொந்தக்காரர் கைகாட்டிய ஆள்தான் மெம்பர். ஓட்டு கேட்க வேண்டாம், மீட்டிங் போட வேண்டாம். 1832-ல்தான் இந்தக் கூத்தை ஒழித்தார்கள்.

பிட் 1693-ல் திரும்பவும் கள்ள வியாபாரத்துக்குக் கிளம்பினார். கம்பெனிக்கு அலுத்துவிட்டது. இவனை விரட்டி மாளாது, நம்ம ஆளாகவே ஆக்கிக்கொள்ளுவோம் என்று முடிவு கட்டி, 1697-ல் மெட்ராஸ் கவர்னர் வேலையைக் கொடுத்தது. திருடன் கையிலேயே சாவி! சம்பளம் வருஷத்துக்கு 300 பவுண்டு. 1698 ஜூலையில் பிட் கோட்டைக்கு வந்து சேர்ந்தார்.

பிட்டுக்கு எதிரி பிட்

வந்த மறுவருஷமே தலைவலி. லண்டனில் போட்டிக் கம்பெனி ஒன்று புதிதாக ஆரம்பித்திருந்தது. அந்தக் கம்பெனி மசூலிப்பட்டினத்துக்குத் தலைவராக அனுப்பிய ஆள் பெயர் ஜான் பிட். சாட்சாத் சொந்தக்காரர்! ராஜாவின் பிரதிநிதி நான்தான் என்று அவர் எழுத, இவர் பதிலுக்கு வாய்க்கு வந்தபடி எழுத, பங்காளிச் சண்டை கடிதத்திலேயே நாறியது. 1703-ல் ஜான் பிட் இறந்த பிறகுதான் அது ஓய்ந்தது. இரண்டு கம்பெனியும் பிறகு ஒன்றாகிவிட்டன.

நடுவில் 1702-ல் நவாப் தாவூத் கான் பட்டணத்தை முற்றுகை போட்டார். அதற்கு முந்தின வருஷம்தான் கோட்டையில் விருந்து சாப்பிட்டு, சீமைச் சரக்கு குடித்துவிட்டுப் போனவர். இப்போது வெளியூர் அரிசி உள்ளே வரக்கூடாது, துணிமணி வெளியே போகக்கூடாது என்று வழியை அடைத்தார். 3 மாதத்துக்கு மேல் கடைத்தெரு காய்ந்தது. பிட் மதில்களைப் பலப்படுத்தி, ஊர்க்காரர்களுக்குத் துப்பாக்கி கொடுத்து அசையாமல் உட்கார்ந்தார். கடைசியில் நவாபுக்கும் திவானுக்குமாகச் சுமார் 25 ஆயிரம் ரூபாய் கைமாறியது. படை போய்விட்டது.

ஜாம்சந்த் கொண்டுவந்த கல்

இந்தக் கலாட்டாக்களுக்கு இடையில்தான் ஜாம்சந்த் என்ற பெரிய வைர வியாபாரி கோட்டைக்கு வந்தார். கூட வேங்கட செட்டி. மடியிலிருந்து எடுத்துக் காட்டியது 410 காரட் எடையுள்ள பட்டை தீட்டாத வைரம். நம் நகைக்கடைக் கணக்கில் சொன்னால் சுமார் 10 பவுன் எடை. ஒரே கல்!

ஜாம்சந்த் சொன்ன விலை 2 லட்சம் வராகன். பிட் கேட்டது 30 ஆயிரம். கட்டாது என்று கல்லை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மறுபடி வந்தார்கள். இறங்கி இறங்கி 55 ஆயிரத்துக்கு வந்தது. இவர் ஏறி ஏறி 47,500-க்கு வந்தார். அதற்கு மேல் ஒரு 500-ஐப் போட்டு 48 ஆயிரம் வராகனுக்குப் பேரம் முடிந்தது. பாரிமுனையில் புடவை பேரம் பேசுகிற மாதிரிதான்.

48 ஆயிரம் வராகன் என்பது அன்றைக்கு 20,400 பவுண்டு. 300 பவுண்டு சம்பளக்காரருக்கு இது 68 வருஷச் சம்பளம். கவர்னர் கையில் அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? சொந்த வியாபாரத்தில் வந்தது. கம்பெனி உத்தியோகத்தில் இருந்துகொண்டே தனியாகக் கப்பலில் சரக்கு போட்டு லாபம் பார்ப்பது அப்போது எல்லா அதிகாரிகளும் செய்த வேலை. அதில் பிட் எல்லாருக்கும் அண்ணன்.

இன்னொரு கேள்விதான் பெரிசு. ஜாம்சந்த் கைக்குக் கல் எப்படி வந்தது?

அது வெட்டி எடுத்தது கிருஷ்ணா நதிக்கரைச் சுரங்கத்தில். பெரிய கல் அகப்பட்டால் அது ஆளுகிறவருக்குச் சேர வேண்டியது என்பது அந்தச் சுரங்கங்களின் வழக்கம். 410 காரட் கல் வியாபாரி மடிக்கு நேர்வழியில் வந்திருக்குமா என்று போலீஸ் மூளை உள்ள எவனும் கேட்பான்.

இதற்கு ஊரில் உலவிய கதை இது. சுரங்கத்தில் மண் சுமந்த அடிமை ஒருவன் கல்லைக் கண்டான். தன் காலையே கீறிக்கொண்டு, காயத்துக் கட்டுக்குள் அதை ஒளித்தான். கடற்கரைக்கு ஓடிவந்து, கப்பல்காரன் ஒருவனிடம் பாதி உனக்கு, என்னைக் கரை சேர்த்துவிடு என்றான். கப்பல்காரன் நடுக்கடலில் கல்லைப் பிடுங்கிக்கொண்டு ஆளைத் தள்ளிவிட்டான். ஜாம்சந்திடம் விற்றான். பணத்தைக் குடித்துத் தீர்த்து, கடைசியில் தூக்கு மாட்டிக்கொண்டான்.

கேஸ் கட்டு கிடையாது, சாட்சி கிடையாது. செத்ததாகச் சொல்லுகிற அந்த ஆளுக்குப் பெயர்கூட இல்லை. ஆனால் லண்டன் வரை இந்தப் பேச்சு போய்விட்டது. பிட் மிரட்டிப் பிடுங்கினார் என்று அதற்கு மேலும் கைகால் முளைத்தது.

1702-ல் மூத்த மகன் ராபர்ட் கையில் கல்லைக் கொடுத்து லண்டனுக்கு அனுப்பினார் பிட். பட்டை தீட்ட மட்டும் 2 வருஷம், 5 ஆயிரம் பவுண்டு செலவு. 410 காரட் தேய்ந்து 140 காரட் ஆனது. உதிர்ந்த துண்டுகளை விற்றதிலேயே தீட்டு கூலிக்கு மேல் வந்துவிட்டது என்றால் கல்லின் மதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேட்டை சண்டை

கல் லண்டனில் இருக்க, பிட் இங்கே 1707-ல் வேறொரு நெருப்பில் மாட்டினார். பெத்தநாயக்கன்பேட்டையிலும் முத்தியால்பேட்டையிலும் வலங்கை, இடங்கை ஜாதிச் சண்டை. யார் கல்யாண ஊர்வலம் எந்தத் தெருவில் போவது என்பதில் ஆரம்பித்தது. பிட் தெருக்களைப் பிரித்து எல்லைக்கல் நட்டார். பெத்தநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியால்பேட்டை இடங்கைக்கு. தீர்ப்பு பிடிக்காமல் வலங்கையார் மூட்டை கட்டிக்கொண்டு சாந்தோமுக்குப் போய்விட்டார்கள். பட்டணத்தில் வேலைக்கு ஆள் இல்லை. தன் கவுன்சிலில் இருந்த பிரேசர் என்ற துரை மீதே பிட்டுக்குச் சந்தேகம். அவரை வேலையை விட்டு நிறுத்திக் காவலில் வைத்தார்.

1708-ல் தாவூத் கானிடமிருந்து 5 கிராமங்களை வாங்கினார். திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு. முற்றுகை போட்ட அதே நவாப்தான் எழுதிக் கொடுத்தவர். அந்த ஊர்களில் உழுதுகொண்டிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆனால் பிரேசர் விவகாரம் லண்டனில் எடுபடவில்லை. 1709-ல் வேலை போனது. 11 வருஷம் கோட்டையில் இருந்தவர் ஊருக்குக் கிளம்பினார்.

நடுவழியில் நார்வேயில் பெர்கன் துறைமுகத்தில் தங்கியபோது, 1710 ஜூலையில் ஒரு வாக்குமூலம் எழுதி வைத்தார். கல்லை நேர்மையாகக் காசு கொடுத்து வாங்கினேன், தான் செத்த பிறகு யாரும் தன் பிள்ளைகளைக் குறை சொல்லக்கூடாது என்பது அதன் சாரம். பேரத்தின் கணக்கு வராகன் விடாமல் இன்று நமக்குத் தெரிவது அந்தக் காகிதத்தால்தான். ஜாம்சந்துக்குப் பணம் கொடுத்ததுவரை அதில் இருக்கிறது. ஜாம்சந்துக்கு முன்னால் கல் யார் கையில் இருந்தது என்பது இல்லை.

தூக்கம் போச்சு

லண்டனில் கல் கையில் இருந்தவரை பிட்டுக்கு நிம்மதி இல்லை. வேஷம் மாற்றிக்கொண்டு நடப்பாராம், ஒரே வீட்டில் இரண்டு ராத்திரி படுக்க மாட்டாராம். அவ்வளவு விலை கொடுக்க ராஜாக்களே யோசித்தார்கள். 1717-ல்தான் பிரான்சில் பால்ய ராஜாவுக்காக ஆட்சி நடத்திய ஆர்லியன்ஸ் பிரபு வாங்கினார். விலை 1,35,000 பவுண்டு. 40 ஆயிரம் ரொக்கம், பாக்கி தவணை. தவணை முழுசாக வந்தபாடில்லை. கல்லைப் பிரான்சில் ரீஜென்ட் என்று கூப்பிட்டார்கள். 1722-ல் 15-ம் லூயியின் கிரீடத்தில் ஏறியது.

வந்த பணத்தில் கார்ன்வாலில் பொக்கானக் என்ற பெரிய எஸ்டேட்டை வாங்கிப் போட்டார் பிட். பிள்ளைகளோடு சதா சண்டை. பணம் கேட்காத பிள்ளை இல்லை, திட்டு வாங்காத பிள்ளை இல்லை. 1726-ல் தாமஸ் பிட் இறந்தார். அடுத்த வருஷமே, வைரத்தைச் சுமந்து போன ராபர்ட்டும் போய்விட்டார்.

ராபர்ட்டின் இளைய மகன் வில்லியம் பிட். தாத்தா மெட்ராஸ் கவர்னராக இருந்த 1708-ல் பிறந்தவர். 1735-ல் பார்லிமெண்டுக்குள் நுழைந்தது தாத்தா வாங்கிய அதே ஆளில்லாத ஓல்டு சாரத்திலிருந்து! பின்னாளில் பிரதம மந்திரி. 1758-ல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்த கோட்டை அருகில் போர்ப்ஸ் என்ற தளபதி வைத்த ஊர்ப் பெயர்தான் பிட்ஸ்பர்க். வில்லியமின் மகனும் வில்லியம்தான். அவர் 24 வயசில் பிரதமர். 1784-ல் கம்பெனியை அரசாங்கத்தின் பிடிக்குள் கொண்டுவந்த இந்தியா சட்டம் அவருடையது. கள்ள வியாபாரியின் கொள்ளுப்பேரன் கம்பெனிக்கே கடிவாளம் போட்டார்! பினாங்கு பிட் ஸ்ட்ரீட், சிட்னி பிட் ஸ்ட்ரீட் இரண்டும் இவர் பெயரில் வந்தவை. பினாங்குத் தெருவுக்கு இப்போது மஸ்ஜித் கப்பித்தான் கிளிங் என்று அந்தப் பள்ளிவாசலின் பெயர்.

கல்லின் கதை இன்னும் இருக்கிறது. 1792-ல் பாரிஸ் கஜானாவில் பெரும் திருட்டு. அதில் இதுவும் போனது. ஒரு வருஷத்துக்கு மேல் தேடி, ஒரு வீட்டுப் பரணிலிருந்து மீட்டார்கள். பிறகு அடகுக்கடைக்குப் போனது. நெப்போலியன் மீட்டுத் தன் வாளில் பதித்துக்கொண்டார். 1887-ல் பிரான்ஸ் அரச நகைகளை ஏலம் விட்டபோது இதை விற்கவில்லை. பாரிசில் லூவ்ர் மியூசியத்தில் வைத்தார்கள்.

2025 அக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை. பட்டப்பகலில் லூவ்ரின் மாடிக்கு லாரி ஏணி போட்டு ஏறிய கும்பல், அப்போலோ கூடத்தின் கண்ணாடிப் பெட்டிகளை அறுத்து 8 நகைகளோடு சில நிமிஷத்தில் பறந்தது. ஜாம்சந்த் கொண்டுவந்த கல்லும் அதே கூடத்தில்தான் இருந்தது. அதன் மீது அவர்கள் கை வைக்கவில்லை.