தீரன் சின்னமலையின் அயல்நாட்டு நோக்கு

நொய்யற்கரையில் வாழும் நம்மவருக்குத் தீரன் சின்னமலையின் வீரம் புதிதன்று. ஆயினும் அவரது வாளைப் போற்றிய அளவு அவரது ராஜதந்திரத்தை நாம் சிந்தித்தோமில்லை. அக்குறை நீங்கவே இச்சரிதத்தைச் சுருக்கி வரையலானோம்.

காங்கயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் 1756ஆம் வருஷம் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் தீர்த்தகிரி. அக்காலத்தில் கொங்குநாடு மைசூருக்கு வரி செலுத்தி வந்தது. அவ்வரிப்பணத்தைக் கொண்டேகிய அதிகாரியை வழிமறித்து, பொருளை ஏழைகளுக்கு வழங்கி, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே ஒரு சின்னமலை உண்டெனத் தம் அரசரிடம் கூறுமாறு பணித்தார் என்பது நாட்டார் வழக்கு.

இங்ஙனம் மைசூரைப் பகைத்தவர் பின்னர்த் திப்பு சுல்தானோடு நேசம் பூண்டது எக்காரணம்பற்றி? வரி கேட்கும் அண்டை அரசனைக் காட்டிலும், துணி வாங்க வந்து நாட்டை ஆளத் தொடங்கிய கும்பினியே கொடிய பகை என்று அவர் தெளிந்ததே காரணம் என நாம் கருதுகிறோம். நேற்றைய மனத்தாங்கலை நாளைய நன்மைக்காக மறப்பதே ராஜதந்திரம் அன்றோ?

திப்புவோ பிரெஞ்சுக்காரர் துணையை நாடினார். 1798இல் அவர்தம் தூதர் மொரீஷியஸ் தீவை அடைந்தும், கிடைத்தவர் ஏறத்தாழ நூறு தொண்டர்களே. 1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, திப்புவும் மாண்டார்.

சின்னமலை தளர்ந்தாரில்லை. ஓடாநிலையில் கோட்டை அமைத்தார். விருப்பாட்சி கோபால நாயக்கர் முதலியோரோடு கூடினார். வடக்கே கும்பினியை எதிர்த்துநின்ற தூண்டாஜி வாக்கின் உதவியும் நாடப்பெற்றது. 1800 ஜூன் 3ஆம் நாள் கோயமுத்தூர்க் கோட்டையைத் தாக்கக் குறித்தனர். படைகள் உரிய வேளையில் ஒன்றுசேராமையால் அம்முயற்சி முறிந்தது, பலர் தூக்கிலிடப்பட்டனர். அவ்வாண்டு செப்டம்பரில் தூண்டாஜியும் போரில் மடிந்தார்.

நேசர் ஒருவர்பின் ஒருவராக மறைந்தும் சின்னமலை ஐந்தாண்டு பொருதார். முடிவில் சமையற்காரனே காட்டிக்கொடுத்தான் என்பர். 1805 ஜூலை 31ஆம் நாள் சங்ககிரியில் அவர் தூக்கிலேற்றப்பட்டார்.

அயலார் நட்பு இன்றியமையாதது. ஆயின் அது காலத்தில் வாராவிடின் பயனில்லை. உள்வீட்டில் நம்பிக்கை குலைந்தாலோ எந்நட்பும் காவாது. இதுவே அவர் வாழ்வு நமக்குப் புகட்டும் பாடம்.

கும்பினியின் தாயகமாகிய பிரிட்டனோடு இந்தியா 2025 ஜூலையில் வர்த்தக உடன்படிக்கை செய்துகொண்டது. நமது திருப்பூர்ப் பின்னலாடை இன்று அந்நாட்டுக்குக் கப்பலேறுகின்றது. தூரதேசத்து உடன்படிக்கை நம் தறிக்கூடத்தின் கூலியைத் தொடும் இக்காலத்தில், நேசர் யார், நிபந்தனை யாது என்று ஆராயும் பழக்கத்தை நம் இளைஞர் சின்னமலையிடம் கற்பாராக.