மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை

தெய்வத்தை வழிபடுவோர் உலகிற் பலர். வழிபட்ட தெய்வத்தின் ஆணையைத் தம் தொழிலிலும் கொடுக்கல் வாங்கலிலும் கைக்கொண்டு ஒழுகுவோர் மிகச் சிலர். காலையில் ஆலயத்திற் கைகூப்பி நின்றவரே நண்பகலிற் கடையில் அமர்ந்து நிறையைக் குறைப்பதும், வேதம் ஓதிய வாயே வழக்கு மன்றத்திற் பொய்ச்சான்று பகர்வதும் நாம் நாடோறும் காண்பனவே. இக்குறை எச்சமயத்தார்க்கும் பொது. ஆதலின், வழிபாட்டையும் வாழ்க்கையையும் ஒன்றாகவே நடத்திய ஒருவரது வரலாற்றைச் சிந்திப்பது நமக்கெல்லாம் நலம் பயக்குமென்று கருதி, மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி வரையப் புகுந்தோம்.

வேதநாயகம் பிள்ளை கிறிஸ்து சமயத்திற் கத்தோலிக்கப் பிரிவைச் சார்ந்தவர். கிறிஸ்துநாதர் தமது உபதேசத்தில் அடிக்கடி எடுத்தோதியது கடவுளின் இராச்சியம் என்பதாகும். அவ்விராச்சியத்தை மறுமையில் எய்தும் உலகமாக மாத்திரம் அவர் கூறினாரல்லர். விதைத்தவன் உறங்கும்போதும் முளைத்து வளரும் வித்தையும், மாவினுள் மறைந்திருந்து அம்மாவு முழுவதையும் பொங்கச் செய்யும் புளித்த மாவையும் அதற்கு உவமையாக எடுத்துக் காட்டினார். வித்து உழவனது வயலில் உள்ளது. மாவு மனையாளது அடுக்களையில் உள்ளது. கடவுளின் ஆட்சி வயலிலும் அடுக்களையிலும் கடையிலும் கச்சேரியிலும் நடைபெற வேண்டுவதென்பதே அவ்வுவமைகளின் கருத்தாமென நாம் கொள்ளுகின்றோம். அக்கருத்துக்கு இலக்கியமாய் வாழ்ந்தவர் இவர்.

இவர் 1826-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 11-ஆம் தேதி திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரிற் சவரிமுத்துப் பிள்ளையின் புதல்வராகத் தோன்றினார். தமிழையும் ஆங்கிலத்தையும் நன்கு கற்று, திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் முதலிற் பத்திரங்களைக் காக்கும் உத்தியோகத்திலும், பின்னர் மொழிபெயர்ப்பாளர் உத்தியோகத்திலும் அமர்ந்தார். அக்காலத்து மேல்நீதிபதிகள் ஆங்கிலேயர். வழக்காட வந்தோரோ தமிழன்றிப் பிறிதொன்றும் அறியாத குடியானவர். சாட்சி கூறிய சொல்லொன்று மொழிபெயர்ப்பிற் பிறழுமாயின், ஒரு குடும்பத்தின் நிலம் கைமாறிப்போம். பிறழ்ந்ததை நீதிபதியும் அறியார், குடியானவரும் அறியார். அறிபவர் மொழிபெயர்த்தவர் ஒருவரும், அவருள்ளத்தைக் காணும் ஆண்டவருமே. இத்தகைய இடத்திலேதான் ஒருவரது பக்தி மெய்யோ பொய்யோ என்பது சோதிக்கப்படுகின்றது. வேதநாயகம் பிள்ளையின் பிற்கால வாழ்வுக்கெல்லாம் அடிப்படை அவ்வெளிய மேசையின்மேலேயே இடப்பட்டது எனலாம்.

1857-ஆம் ஆண்டில் இவர் தரங்கம்பாடியில் முன்சீபாக நியமனம் பெற்றார். 1620 முதல் டேனியர் வசமிருந்து 1845-இல் ஆங்கிலேயர் கைக்கு வந்த துறைமுகம் அது. பின்னர்ச் சீகாழியிலும், அதன்பின் மாயூரத்திலும் அப்பதவியை வகித்து, 1872-இல் அதனின்று நீங்கினார். அக்காலத்தில் தமிழர் ஒருவர் முன்சீப் பதவி எய்துதல் அரிய பேறு. முன்சீபின் முன்னர் வருவன கடன் வழக்கும், எல்லை வழக்கும், பாகப்பிரிவினை வழக்குமே. இவை உலகின் கண்ணுக்குச் சிறியன. வழக்காளிக்கோ அவனது வாழ்வும் தாழ்வும் அவற்றிலேயே அடங்கியுள்ளன. அந்நாளிற் கச்சேரி வாயிலிற் காலடி வைப்பவன் சேவகனுக்கு ஒன்று, குமாஸ்தாவுக்கு ஒன்று எனக் கொடுத்துக்கொண்டே உள்ளே செல்லவேண்டியிருந்தது. கைக்கூலியை ஊதியத்தின் ஒரு பகுதியென்றே உத்தியோகஸ்தர் பலர் எண்ணியிருந்தனர்.

இவ்வழக்கத்தின் நடுவே அமர்ந்திருந்த வேதநாயகம் பிள்ளை அதனைத் தாம் தீண்டாதிருந்ததோடு அமையவில்லை. பதவியேற்ற இரண்டாண்டுகளில், 1859-இல், நீதிநூல் என்னும் செய்யுள்நூலை வெளியிட்டார். கடவுள் உண்மையிலே தொடங்கும் அந்நூலிற் கைக்கூலிக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்து அதன் இழிவை எடுத்துரைத்தார். நீதிபதியொருவர் தம்மைச் சூழ்ந்தோர் அனைவரும் செய்துவந்த பிழையைத் தம் பெயரிட்டு அச்சேற்றிக் கண்டிப்பதென்றால், அன்று முதல் ஊரார் கண்கள் எல்லாம் அவர் கைகளையே நோக்கியிருக்கும் என்பதை அவர் அறியாதவரல்லர். அறிந்தே எழுதினார். நாவினாற் கூறியதற்குத் தம் நடையையே பிணையாக வைத்த துணிவு அது.

நீதி நேர்மையாக வழங்கப்படுவது மட்டும் போதாது. நீதி இன்னதென்று ஏழையும் அறியவேண்டும் என்பது இவரது கொள்கை. அந்நாளில் மேல்மன்றத் தீர்ப்புக்கள் யாவும் ஆங்கிலத்திலே கிடந்தன. தம்மை ஆளும் சட்டத்தைத் தாமே படித்தறியும் வழி தமிழ்மக்களுக்கு இல்லை. இடைநின்றார் சொன்னதே சட்டமாயிருந்தது. வேதநாயகம் பிள்ளை 1805 முதல் 1861 வரையில் வழங்கப்பட்ட மேல்மன்றத் தீர்ப்புக்களைத் திரட்டித் தமிழில் மொழிபெயர்த்து, சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயருடன் 1862-இல் வெளியிட்டார். நாள் முழுவதும் வழக்குக் கேட்டுக் களைத்த ஒருவர், அறுபதாண்டுக்குச் சற்றுக் குறைந்த காலத்துத் தீர்ப்புக்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தமிழாக்குவதற்கு எத்தனை இரவுகள் கண்விழித்திருக்க வேண்டும்! அம்முயற்சியிற் புகழும் சிறிது, பொருளும் சிறிது. எளியவர்க்குச் செய்தது தமக்கே செய்ததாகும் என்று கிறிஸ்துநாதர் உரைத்ததை மெய்யென நம்பிய ஒருவர்க்கே அத்தகைய உழைப்புக் கைகூடும்.

இனி, பிற சமயத்தாரோடு இவர் பழகிய முறையை நோக்குவோம். திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சைவப்பற்று மிக்கவர். வேதநாயகம் பிள்ளை சீகாழியில் முன்சீபாயிருந்தபொழுது அப்புலவர் பெருமான் சீகாழிக்கோவை இயற்றினார். சிவத்தலத்தின்மீது எழுந்த அந்நூலுக்குக் கிறிஸ்தவராகிய இவர் சிறப்புப் பாக்கள் வழங்கி மகிழ்ந்தார். மகாவித்துவானோ இவரைப் பாட்டுடைத் தலைவராகக்கொண்டு குளத்தூர்க்கோவை பாடினார். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரும், நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் இவரது நண்பர்களே.

இவ்வாறு பழகிய ஒருவர் தம் சமயத்தில் உறுதி தளர்ந்தவராயிருப்பரோ என்று சிலர் ஐயுறலாம். தேவமாதா அந்தாதி, திருவருளந்தாதி முதலிய நூல்களைப் பாடி, தம் வழிபாட்டை இறுதிவரை வழுவாது நடத்தியவர் இவர் என்பதை அன்னார் நினைத்தல் வேண்டும். வேர் ஆழ்ந்த மரமே கிளைகளை அகல விரிக்கும். தம் நம்பிக்கை உள்ளத்தில் ஊன்றி நின்றமையால், அயலாரது பக்தியைக் கண்டு அஞ்சவேண்டிய நிலை இவர்க்கு உண்டாகவில்லை. 1878-இல் இவர் வெளியிட்ட சர்வ சமய சமரசக் கீர்த்தனையில் எம்மதத்தாரும் தம் வீட்டிலே பாடத்தகும் முறையிற் கடவுளைப் போற்றினார். அந்நூலிலேயே உத்தியோகத்துக்கும் இல்லறத்துக்கும் உரிய நீதிகளையும் இசையிற் புகட்டினார். கடவுள் துதியும் இல்லற ஒழுக்கமும் ஒரே நூலில் அடுத்தடுத்து நிற்பது அவர் உள்ளத்தின் அமைப்பையே காட்டுகின்றது.

பெண்மக்கள் திறத்திலும் இவரது சமயம் செயலாக விளங்கியது. ஆணையும் பெண்ணையும் படைத்தவர் ஒருவரேயாயின், அறிவொளியை ஒருவர்க்கு மாத்திரம் உரியதாக்குதல் படைத்தவர்க்கே இழைக்கும் பிழையன்றோ? நீதிநூலில் மாதரைப் படிப்பிக்க வேண்டுமென்று வற்புறுத்தியதோடு, 1869-இற் பெண்மதி மாலை என்னும் நூலையும், அதனுடன் பெண்கல்வியைப்பற்றிய உரைநடையையும் இயற்றினார். பெண்கள் எழுத்தறிந்தாற் குடும்பம் கெடும் என்று கற்றோரே வாதாடிய காலம் அது என்பதை நாம் மறத்தலாகாது.

பின்னர் 1879-இல் இவர் வெளியிட்ட பிரதாப முதலியார் சரித்திரம் தமிழில் தோன்றிய முதல் நாவலாகும். அதனுள் அறிவாற் சிறந்து நின்று கணவனையும் ஒரு நாட்டையும் காப்பவள் ஞானாம்பாள் என்னும் பெண்ணே. தமிழரே நீதிபதியாயும் வக்கீலாயும் இருக்கும் மன்றத்தில், வழக்காளிக்கு விளங்காத ஆங்கிலத்தில் வாதம் நிகழ்வதன் தீமையையும் அந்நூலில் அவர் நகைச்சுவையோடு எடுத்துக் காட்டினார். சித்தாந்த சங்கிரகத்தில் தொடங்கிய கவலை கதையிலும் அவரை விட்டு நீங்கவில்லை.

இவரது நம்பிக்கை மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்டது பஞ்சகாலத்திலேயே. 1876 முதல் 1878 வரையிற் சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்திற் பல இலட்சம் மக்கள் மாண்டனர். தானியம் விலையேற ஏற, சேர்த்து வைத்தோர் செல்வராயினர்; ஏழைகள் தெருவோரங்களில் வீழ்ந்து மடிந்தனர். வேதநாயகம் பிள்ளை அப்பொழுது முன்சீப் பதவியில் இல்லை. பதவியில் இல்லாதவனுக்குப் பொறுப்பும் இல்லையென்று கதவடைத்து அமர்ந்திருக்கலாம். எவரும் குறை கூறியிரார். அவரோ தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சி வார்த்துப் பசித்தோரைக் காத்தார். இன்ன சமயத்தார், இன்ன குலத்தார் என்று பாராது செய்த அவ்வறத்தைக் கண்டு உருகிய கோபாலகிருஷ்ண பாரதியார், மனிதரைப் பாடும் வழக்கம் அதிகம் இல்லாதவராயிருந்தும், இவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடினார். சிவபக்தர் ஒருவர் கிறிஸ்து பக்தர் ஒருவரைப் பாடும்படி செய்தது யாது? தர்க்கமோ பிரசங்கமோ அன்று. கஞ்சிக் கலயமே என்க.

உத்தியோகத்தினின்று நீங்கிய பின்னர் மாயூரம் நகரசபைத் தலைவராயும் இவர் தொண்டாற்றினார். 1887-இற் சுகுண சுந்தரி என்னும் மற்றொரு நாவலையும் வெளியிட்டார். 1889-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 21-ஆம் தேதி இறைவனடி எய்தினார்.

இவரது சரித்திரத்தால் நாம் அறியத்தக்கது யாது? வேதநாயகம் பிள்ளை துறவு பூண்டாரல்லர், அற்புதம் நிகழ்த்தினாரல்லர், மதத்துக்காக உயிர் துறந்தாருமல்லர். மனைவி மக்களோடு வாழ்ந்து, சம்பளம் பெற்று, கோப்புக்களைப் படித்து, தீர்ப்பெழுதிக் காலங்கழித்த ஓர் இல்லறத்தார். அவ்வாழ்க்கையே அவர்க்கு வழிபாடாயிற்று. பெருஞ்செயலுக்கு வாய்ப்பில்லையே என்று வருந்தும் நமக்கு அவர் சரித்திரம் விடை கூறுகின்றது. சரியாக எழுதிய கணக்கும், வாங்காது விட்ட கைக்கூலியும், பசித்தவனுக்கு வார்த்த கஞ்சியும், மகளுக்குக் கற்பித்த எழுத்தும் கடவுளின் இராச்சியத்தில் எண்ணப்படுவனவே.

பெரியோர் ஒருவரது பெயரைக் கேட்டவுடன், அவர் எங்கள் ஊரார், எங்கள் இனத்தார், எங்கள் சமயத்தார் என்று உரிமை கொண்டாடுதல் நம்மவர்க்கு எளிது. சங்கங்களும் வெளியீடுகளும் நடத்தும் நாம் இதனை நம்மையே நோக்கிக் கூறிக்கொள்ளுகின்றோம். தம் கஞ்சிக்கு வந்தவரை எவ்வினத்தாரென்று வினவாதவரை, எவ்வினத்தாரென்று சொல்லி மட்டும் நாம் பாராட்டுவது அவர்க்குப் பெருமை தருமோ? அவரோடு நமக்கு உறவு உண்டென்பது நம் நடையாலன்றிப் பிறிதொன்றால் விளங்காது.

ஆதலின், அன்பர்காள், இவ்விதழை மடித்து வைத்தபின் நாளைக் காலையில் நம் தொழிலுக்குச் செல்லும்பொழுது, நம் கை எழுதும் எழுத்தையும், நம் கை பெறும் பொருளையும் ஒருமுறை உற்று நோக்குவோமாக. கிறிஸ்தவராயினும் பிற சமயத்தவராயினும், தாம் வணங்கும் ஆண்டவர் தம் மேசையருகே நின்று காண்கின்றார் என்று எண்ணி உழைப்பவர் வேதநாயகம் பிள்ளையின் வழியில் நடப்பவரே. அவ்வழியில் நடக்கும் திண்மையை எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக.