மதுரையில் காவி கட்டிய ரோமாபுரிக்காரர்: தத்துவ போதகர்

ஜொகூர் தோட்டப்புறங்களில் வளர்ந்த மூத்த கத்தோலிக்கர்கள், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போவதைக் கோயிலுக்குப் போவது என்றும் அங்கே நடக்கும் வழிபாட்டைப் பூசை என்றும் சொல்வது வழக்கம். பக்கத்து லயத்தில் இருக்கும் மாரியம்மன் பக்தரும் அதே சொற்களைத்தான் சொல்கிறார். கோயில், பூசை, அருள், குரு, வேதம் ஆகிய சொற்கள் தமிழ்க் கிறிஸ்தவத்துக்குள் நிலைபெறப் பெரிதும் காரணமாக இருந்தவர், நானூறு ஆண்டுகளுக்கு முன் மதுரையில் வாழ்ந்த ஓர் இத்தாலியர். ராபர்ட் தெ நொபிலி என்பது அவர் பெயர். தமிழர்கள் அவரைத் தத்துவ போதகர் என்று அழைத்தார்கள்.

1577இல் பிரபுக் குடும்பம் ஒன்றில் பிறந்த நொபிலி, வீட்டாரின் விருப்பத்தை மீறி இயேசு சபையில் சேர்ந்தார். 1605இல் கோவாவுக்குக் கப்பலில் வந்து இறங்கி, அடுத்த ஆண்டு மதுரையை அடைந்தார்.

அப்போது மதுரையில் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துகீசியப் பாதிரியார் இருந்தார். பழைய படைவீரர், நல்ல மனிதர். பத்தாண்டுகளுக்கு மேல் அங்கே உழைத்தும், கடற்கரையிலிருந்து வந்துபோகும் பரவர்களைத் தவிர உள்ளூர்க்காரர் யாரும் அவரிடம் வரவில்லை. காரணம் ‘பறங்கி’ என்ற சொல்லில் இருந்தது. 1511இல் மலாக்காவைப் பீரங்கியால் பிடித்து, அதன் சுல்தானைத் தெற்கே துரத்திய அதே போர்த்துகீசியர்களைத்தான் மதுரை மக்கள் பறங்கி என்றார்கள். அந்தத் துரத்தலுக்குப் பிறகுதான் ஜொகூர் சுல்தானகமே பிறந்தது. மாட்டிறைச்சியும் மதுவும் பறங்கியின் அடையாளமாகப் பார்க்கப்பட்டன. மதம் மாற வருபவரிடம் பறங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்றே கேட்கும் நிலை இருந்தது.

நொபிலி இதைக் கேட்டுத் திடுக்கிட்டார். கிறிஸ்து சொன்னது உண்மை என்றால், அதை ஏற்க ஒருவர் போர்த்துகீசியராக மாற வேண்டியது ஏன்? அங்கியைக் கழற்றிவிட்டுக் காவி கட்டினார். மரப் பாதக்குறடு அணிந்தார். ஒருவேளை மரக்கறி உணவு, மண் குடிசை. தமிழோடு தெலுங்கும் படித்தார். சிவதர்மர் என்ற தெலுங்கு பிராமணர் அவருக்குச் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்தார். அந்த மொழியை ஆழமாகக் கற்ற முதல் ஐரோப்பியர்களில் அவரும் ஒருவர்.

உடையை மாற்றியது புதுமை போலத் தோன்றினாலும், ஆதித் திருச்சபையில் இதற்கு முன்னோடி உண்டு. 2ஆம் நூற்றாண்டில் ரோமில் போதித்த யுஸ்தீன், கிறிஸ்தவர் ஆன பிறகும் கிரேக்கத் தத்துவ ஆசிரியர்களின் மேலாடையைக் கழற்றவில்லை. சாக்ரடீஸ் போன்றவர்களிடமும் உண்மையின் விதை விழுந்திருக்கிறது என்பது அவர் கொள்கை. பிறகு ஆப்பிரிக்காவின் அகுஸ்தீன் (354-430), உண்மை எங்கே கிடைத்தாலும் அது கடவுளுடையதே என்று எழுதினார். நம்பிக்கையும் அறிவும் ஒன்றையொன்று தேடுகின்றன என்பதும் அவர் போதனை.

இதைத்தான் நொபிலி தமிழில் செய்து பார்த்தார். ‘ஞானோபதேசம்’ என்ற பெரிய உரைநடை நூலில் அவர் பைபிளை முதலில் நீட்டவில்லை. உலகுக்கு ஒரு காரணம் உண்டு, அது ஒன்றே, அதற்குத் தொடக்கம் இல்லை என்பவற்றை மனித அறிவே தேடிக் கண்டுகொள்ளும் என்று வாதத்தால் நிறுவ முயன்றார். திரித்துவம், கடவுள் மனிதனானது போன்றவை அறிவுக்கு எட்டாதவை. அவற்றைக் கடவுளே வெளிப்படுத்த வேண்டும், ஆனால் அவை அறிவுக்கு முரணானவை அல்ல என்பது அடுத்த படி. முதல் படியில் சைவரும் வைணவரும் அவரோடு சமமாக உட்கார்ந்து வாதாட முடிந்தது. மதுரையில் ஒரு பள்ளி ஆசிரியரோடு அவர் இருபது நாள், தினமும் பல மணி நேரம், கடவுள், படைப்பு, மறுபிறவி பற்றி வாதாடினார். அந்த ஆசிரியர் பின்னர் ஞானஸ்நானம் பெற்றார்.

எதிர்ப்பு உள்ளிருந்தே வந்தது. பெர்னாண்டஸே மேலிடத்துக்குப் புகார் எழுதினார். பூணூலும் குடுமியும் சந்தனமும் சமயச் சின்னங்களா, வெறும் சமூக வழக்கமா என்பதே வழக்கு. 1619இல் கோவாவில் கூடிய சபையில் நொபிலி தன் தரப்பை வாதாடினார். 1623 ஜனவரியில் போப் பதினைந்தாம் கிரகோரியார் நொபிலிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார்.

இந்த இடத்தில் அவரைப் புகழ்ந்து மட்டும் எழுத முடியவில்லை. பூணூல் சமூக வழக்கம் என்றால் சாதியும் சமூக வழக்கம்தானே? அந்த விலையையும் நொபிலி கொடுத்தார். உயர்சாதியார் தன்னிடம் வரவேண்டும் என்பதற்காகத் தாழ்த்தப்பட்ட மக்களோடு வெளிப்படையாகப் பழகாமல் விலகி நின்றார். 1640 அளவில் அந்த மக்களுக்காகப் பண்டாரசாமிகள் என்ற தனிக் குருக்கள் ஏற்பட்டார்கள். ஒரே சபையின் குருக்களே சேர்ந்து உண்ண முடியாத நிலை. ‘புனர்ஜென்ம ஆக்ஷேபம்’ நூலில், மனிதரிடையே உள்ள ஏற்றத்தாழ்வுக்கு முற்பிறவி வினைதான் காரணம் என்பதை மறுத்து எழுதியவரும் இவரே. ஏட்டில் மறுத்ததைத் தெருவில் ஏற்றுக்கொண்டார். பிற்காலத்தில் தமிழகக் கோயில்கள் சிலவற்றில் சாதிக்கொரு பக்கம் ஒதுக்கப்பட்டதற்கு அவர் ஒருவரைப் பொறுப்பாக்க முடியாது. முழுவதும் விடுவிக்கவும் முடியாது.

நொபிலி திருச்சி, சேலம் பகுதிகளுக்கும் நடந்தே போனார். 1640இல், திருமலை நாயக்கர் ஆட்சியில், மதுரையில் சிறை வைக்கப்பட்டார். முதுமையில் யாழ்ப்பாணத்துக்கும் பிறகு மயிலாப்பூருக்கும் அனுப்பப்பட்டார். அவருடைய உரைநடையில் வடசொல் மிகுதி; வீரமாமுனிவரின் தெளிவை அதில் எதிர்பார்க்கக் கூடாது. ஆனாலும் தத்துவ வாதத்தைத் தமிழ் உரைநடையில் இவ்வளவு விரிவாக எழுதியவர் அவருக்கு முன் குறைவு. அந்த ஏடுகளைத் தேடித் தொகுத்து, 20ஆம் நூற்றாண்டில் தூத்துக்குடியிலிருந்து பதிப்பித்தவர் ச. இராசமாணிக்கம் அடிகளார்.

மயிலாப்பூரில் கடைசி ஆண்டுகளில் நொபிலிக்குக் கண்பார்வை ஏறக்குறைய போய்விட்டது. சீடர்கள் பக்கத்தில் உட்கார்ந்து எழுத, அவர் தன் தமிழ் நூல்களைச் சொல்லச் சொல்லத் திருத்திக்கொண்டிருந்தார். 1656 ஜனவரி 16ஆம் தேதி, 78 வயதில் காலமானார்.