குழந்தை மருத்துவர் ஹேட்டி அலெக்சாண்டர்

நேற்றுவரை தவழ்ந்து விளையாடிய குழந்தைக்குத் திடீரெனக் காய்ச்சல் காண்கிறது. பால் குடிக்க மறுக்கிறது. குடித்ததையும் வாந்தி எடுக்கிறது. தூக்கினால் வீறிட்டு அழுகிறது. விரைவிலேயே உச்சிக்குழி புடைத்துக்கொள்கிறது, கழுத்து விறைக்கிறது, வலிப்பு வருகிறது. 1930களின் தொடக்கத்தில் இப்படிப்பட்ட குழந்தையை அள்ளிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடிவந்த பெற்றோரிடம் சொல்வதற்கு மருத்துவர்களிடம் நல்ல செய்தி எதுவும் இருக்கவில்லை.

அந்த நோய் மூளையுறை அழற்சி. மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியிருக்கும் மெல்லிய உறைகளைக் கிருமி தாக்குவதால் ஏற்படுவது. பலவகைப் பாக்டீரியாக்கள் இந்நோயை உண்டாக்கும். கைக்குழந்தைகளை அதிகமாகப் பலிகொண்டவற்றுள் ஒன்று, 'ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுவென்சா' என்ற பாக்டீரியாவின் பி வகை. பெயரைப் பார்த்துச் சளிக்காய்ச்சல் கிருமி என்று எண்ணிவிடக் கூடாது. 1892ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஃபைஃபர் என்ற ஜெர்மானிய அறிஞர், இன்ஃபுளுவென்சா காய்ச்சலுக்கு இதுவே காரணம் என்று தவறாகக் கருதியதால் வந்த பெயர் அது. தவறு பின்னர் தெரியவந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. இக்கிருமி மூளையுறைக்குச் சென்றுவிட்டால் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் இறந்தனர். தப்பிய மிகச் சிலரிலும் செவித்திறனை இழந்தவர்கள் உண்டு.

இந்த நோயைத் தம் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் ஹேட்டி அலெக்சாண்டர். 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், எட்டுப் பிள்ளைகள் கொண்ட குடும்பத்தில் இரண்டாவது குழந்தையாகப் பிறந்தார். அதே நகரிலுள்ள கௌச்சர் கல்லூரியில் படித்தார். அங்கே அவருடைய ஆர்வமெல்லாம் விளையாட்டுத் திடலில்தான் இருந்தது. வியப்பு என்னவென்றால், பிற்காலத்தில் அவருக்குப் புகழ் தேடித் தந்த பாக்டீரியாவியல் பாடத்திலேயே அவர் பெற்றது நடுத்தரமான தேர்ச்சி. அந்த மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்த எவரும் இவரைப் பற்றிச் சரியாகக் கணித்திருக்க முடியாது.

1923ஆம் ஆண்டில் பட்டம் பெற்ற ஹேட்டி, உடனே மருத்துவக் கல்லூரியில் சேரவில்லை. மூன்று ஆண்டுகள் அரசின் பொதுச் சுகாதார ஆய்வுக்கூடங்களில் பாக்டீரியா ஆய்வாளராகப் பணியாற்றினார். நாள்தோறும் கிருமிகளை வளர்ப்பதும் உருப்பெருக்கியில் பார்ப்பதும் குறிப்பெடுப்பதுமாக அமைந்த வேலை அது. பின்னர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1930ஆம் ஆண்டில் மருத்துவரானார். பயிற்சி மருத்துவராகப் பால்டிமோரின் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் பணியாற்றியபோதுதான் மூளையுறை அழற்சியால் மடியும் குழந்தைகளை அவர் அருகிலிருந்து பார்த்தார். அடுத்த ஆண்டு நியூயார்க்கிலுள்ள கொலம்பியப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குழந்தைகள் மருத்துவமனைக்குச் சென்றார். அதன்பின் பணி ஓய்வு பெறும்வரை அவருக்கு அதுவே பணியிடம்.

அந்நாளில் இந்நோய்க்கு ஒரு மருத்துவ முறை இல்லாமல் இல்லை. கிருமியைக் குதிரையின் உடலில் செலுத்துவார்கள். குதிரையின் உடல் அதை எதிர்க்க எதிர்ப்பொருளை உருவாக்கும். அந்த எதிர்ப்பொருள் கலந்த இரத்த நீரைப் பிரித்தெடுத்து நோயாளிக்குச் செலுத்துவார்கள். இதுவே சீரம். ஹேட்டியும் குதிரைச் சீரத்தைப் பயன்படுத்திப் பார்த்தார், குழந்தைகள் பிழைக்கவில்லை. அதே வேளையில், நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆய்வுக்கழகத்தில் நிமோனியாவுக்கு முயல்களிடமிருந்து எடுத்த சீரம் நல்ல பலன் தருவதாகத் தெரியவந்தது. முயலின் எதிர்ப்பொருள் குதிரையினுடையதைவிட அளவில் சிறியது. எனவே அது உடலின் திசுக்களுக்குள் எளிதாக ஊடுருவும் என்று மருத்துவர்கள் கருதினர். அப்படியானால் மூளையுறை அழற்சிக்கும் முயலின் சீரத்தைப் பயன்படுத்தினால் என்ன? கொலம்பியாவின் வேதியியல் அறிஞர் மைக்கேல் ஹைடெல்பெர்கரின் துணையோடு ஹேட்டி அந்தச் சீரத்தை உருவாக்கினார். 1939ஆம் ஆண்டில், இந்நோயால் தாக்கப்பட்ட குழந்தைகள் முழுமையாகக் குணமடைந்த செய்தியை வெளியிட்டார்.

மருந்தைக் கண்டதோடு வேலை முடிந்துவிடவில்லை. இந்நோயில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். குழந்தையின் முதுகுத்தண்டிலிருந்து ஊசியால் எடுக்கப்படும் நீர், நலமாக இருப்பவர்களுக்குத் தண்ணீரைப் போலத் தெளிவாக இருக்கும். நோய் கண்டவர்களுக்குக் கலங்கியிருக்கும். ஆனால், கலங்கச் செய்த கிருமி எது என்று அறிய அதை வளர்த்துப் பார்க்க வேண்டும். அதற்குள் காலம் கடந்துவிடும். ஹேட்டி வேறு வழியைக் கையாண்டார். அந்த நீரில் ஒரு துளியோடு முயலின் சீரத்தைக் கலந்து உருப்பெருக்கியில் பார்த்தார். கிருமி பி வகையைச் சேர்ந்ததாக இருந்தால், அதைச் சுற்றியுள்ள வெளியுறை சீரம் பட்டதும் வீங்கியதுபோல் தெளிவாகத் தெரியும். நோயைச் சிறிது நேரத்திலேயே உறுதிசெய்துவிடலாம். மருந்தின் அளவையும் அவர் மனம்போன போக்கில் முடிவு செய்யவில்லை. நோய் கடுமையாகும்போது தண்டுவட நீரில் சர்க்கரையின் அளவு குறையும். அந்த அளவைச் சோதித்து, அதற்கேற்ப ஒவ்வொரு குழந்தைக்கும் எவ்வளவு சீரம் தேவை என்று கணக்கிட்டார். ஆய்வுக்கூடத்தில் கழிந்த அந்த மூன்று ஆண்டுகள் வீண்போகவில்லை.

சீரத்தோடு சல்ஃபா மருந்தும் சேர்ந்தபோது நிலைமை தலைகீழாக மாறியது. ஏறக்குறைய எல்லாரும் இறந்த இடத்தில், சில ஆண்டுகளுக்குள் ஐந்து குழந்தைகளில் ஏறத்தாழ நால்வர் பிழைத்தனர். 1942ஆம் ஆண்டில் குழந்தை மருத்துவ ஆய்வுக்கான மீட் ஜான்சன் விருது அவருக்கு வழங்கப்பட்டது.

1940களின் நடுப்பகுதியில் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற புதிய நுண்ணுயிர்க்கொல்லி வந்தது. முயலின் சீரத்தைத் தயாரிப்பதைவிட இதைப் பயன்படுத்துவது எளிது. ஹேட்டி அதையும் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பலர் குணமடைந்தனர். ஆனால் சிலருக்கு, தொடக்கத்தில் வேலை செய்த மருந்து பிறகு பயனற்றுப் போனது. கிருமிகளில் சில அந்த மருந்துக்கு அசையவே இல்லை. மருந்து சரியில்லை என்று ஒதுக்கிவிட்டு வேறு மருந்தைத் தேடுவதே எளிய வழியாக இருந்திருக்கும். ஹேட்டிக்கோ காரணம் தெரிய வேண்டியிருந்தது. கோடிக்கணக்கான கிருமிகளில் ஒருசில, மரபணு மாற்றத்தால் மருந்தைத் தாங்கும் ஆற்றல் பெற்றிருக்கின்றன. மருந்து மற்றவற்றைக் கொன்றுவிட, அந்த ஒருசில மட்டும் பெருகுகின்றன. இதை அவர் மிகத் தொடக்கத்திலேயே உணர்ந்துகொண்டார். இன்று உலகெங்கும் மருத்துவர்களைக் கவலையில் ஆழ்த்தியிருக்கும் மருந்தெதிர்ப்புச் சிக்கல் இதுதான்.

அந்த ஆர்வம் அவரை மரபணு ஆய்வுக்கு இட்டுச் சென்றது. மரபுப் பண்புகளைச் சுமப்பது டிஎன்ஏ என்று 1944ஆம் ஆண்டில் ஆஸ்வால்ட் ஏவரியின் குழுவினர் நிமோனியாக் கிருமியைக் கொண்டு காட்டியிருந்தனர். அறிஞர்கள் பலர் அதை நம்பத் தயங்கினர். ஹேட்டியும் அவருடன் பணியாற்றிய கிரேஸ் லெய்டியும், ஒரு வகை ஹீமோஃபிலஸ் கிருமியின் டிஎன்ஏவை மற்றொரு வகைக்குள் செலுத்தி அதன் பண்பை மாற்றிக் காட்டினர். ஏவரியின் முடிவுக்கு அது வலுச்சேர்த்தது. நோயாளிக் குழந்தைகளைக் கவனித்து வந்த ஒரு மருத்துவரிடமிருந்து இப்படியொரு சான்று வரும் என்று எத்தனை பேர் எதிர்பார்த்திருப்பார்கள்?

ஆய்வுக்கூடம் எவ்வளவு ஈர்த்தாலும் அவர் மருத்துவமனைப் படுக்கைகளை விட்டு விலகவில்லை. மேடையில் நின்று சொற்பொழிவு ஆற்றுவதைவிட, குழந்தையின் கட்டிலருகே நின்று மாணவர்களுக்குக் கற்பிப்பதையே விரும்பினார். 1964ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கத்தின் தலைவரானார். அச்சங்கத்திற்கு ஒரு பெண் தலைமையேற்றது அதுவே முதன்முறை. 1966ஆம் ஆண்டில் பணி ஓய்வு பெற்றவர், 1968ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் புற்றுநோயால் காலமானார்.

இந்நோயை வராமலே தடுக்கும் ஊசியைக் காண அவருக்கு வாய்க்கவில்லை. 1980களில் உருவான அந்தத் தடுப்பூசி, ஹேட்டி உருப்பெருக்கியில் தேடிய அதே வெளியுறையை எதிர்க்கத்தான் உடலைப் பழக்குகிறது. மலேசியாவில் 2002ஆம் ஆண்டு முதல் அது தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இடம்பெற்றுள்ளது. கைக்குழந்தைகளுக்குத் தொடையில் போடப்படும் ஊசிகளுள் ஒன்று அது; போட்டதும் குழந்தை சற்று நேரம் அழும், பிறகு தாயின் தோளிலேயே தூங்கிவிடும்.