டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர்!



பஸ்ஸுக்கும் டிராக்டருக்கும் ஊத்துற டீசல், ஒரு மனிதரோட பேருன்னு உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்தான் ருடால்ஃப் டீசல். அவரைப் பற்றி நான் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

இவர் 1858 மார்ச் 18 அன்று பாரிஸில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மன்காரர்கள். 1870-ல் பிரான்சுக்கும் ஜெர்மானியருக்கும் போர் மூண்டதால் குடும்பம் லண்டனுக்குப் போனது. 12 வயசுப் பையனான இவரை மட்டும் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் ஊரிலுள்ள சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. என்னைவிட 2 வயசு சின்னவர்! பிறகு மியூனிக்கில் இன்ஜினியரிங் படித்து 1880-ல் மிக நல்ல மதிப்பெண்ணுடன் தேறினார்.

அந்தக் காலத்து நீராவி இஞ்சின்கள் பெரும்பாலும் நிலக்கரியின் சக்தியில் 10 சதவீதம்கூட வேலையாக மாற்றவில்லை. மீதி எல்லாம் வீண். இதற்கு வழி தேடினார் டீசல்.

சைக்கிளுக்குக் காத்து அடிச்சா பம்பு அடியில் சுடும் இல்லையா? காற்றை அமுக்கினால் சூடாகும். நன்றாக அமுக்கினால் தீப்பொறியே வேண்டாம், எரிபொருள் தானாகப் பத்திக்கும். இதுதான் அவர் யோசனை.

ஆனால் எவ்வளவு அமுக்கணும்? முதலில் சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல 250 மடங்கு என்று கணக்குப் போட்டார். அவ்வளவு அமுக்கினால் கிடைக்கிற சக்தியெல்லாம் அமுக்குறதுக்கே சரியாப் போயிடும். அதனால் தன் கணக்கைத் தானே திருத்தி, 30-லிருந்து 40 மடங்குக்குள் கொண்டுவந்தார்.

1893 ஆகஸ்டில் முதல் சோதனையின்போது அழுத்தம் அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. அவர் விடவில்லை. 1897-ல் அவர் இஞ்சின் 26 சதவீத சக்தியைக் கொடுத்தது!

இன்றும் இஞ்சின் செய்பவர்கள் இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறார்கள். 10 டம்ளர் காற்றை 1 டம்ளர் இடத்துக்குள் அடக்கினால் அமுக்க விகிதம் 10. பெட்ரோல் காரில் இது அதிகமானால், பெட்ரோல் முன்னாடியே பத்திக்கிட்டு இஞ்சின் தட்டும், பிஸ்டன் கெடும். 1905-ல் சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூச்சி, புகை வேகத்தில் சுற்றும் டர்போவுக்குக் காப்புரிமை பெற்றார். டர்போ முன்கூட்டியே காற்றை அமுக்கி அனுப்புவதால், அப்படிப்பட்ட பெட்ரோல் காரில் விகிதத்தைக் கொஞ்சம் குறைச்சு வைப்பாங்க. ரொம்பக் குறைச்சால் மெதுவாகப் போகும்போது இழுவை இருக்காது, பெட்ரோலும் கூடக் குடிக்கும். தினமும் ஓட்டுற வண்டிக்கு நடுவான அளவுதான் நல்லது.

1913 செப்டம்பர் 29 இரவு, இங்கிலாந்துக்குப் போன கப்பலில் இருந்து டீசல் காணாமல் போனார். சில நாள் கழித்துக் கடலில் ஒரு உடல் கிடைத்தது. அதிலிருந்த பொருட்களை அவர் மகன் அடையாளம் காட்டினார். அவருக்கு வயது 55. கடன் தொல்லையும் இருந்ததாம். நினைச்சா பாவமா இருக்கு.

தோழிகளே, பெரிசா கனவு கண்டார், சோதனையில் தெரிந்ததை ஏற்று அளவைக் குறைத்தார். அதனால்தான் அவர் இஞ்சின் ஓடியது. இனிமே டீசல் பஸ்ஸில் ஏறும்போது அவரை ஒரு தடவை நினைச்சுக்கோங்க.


ஒன்பதாம் வகுப்பு மாணவி