வானை அளந்த வனிதை அமீலியா ஏர்ஹார்ட்

புகழ் பெற்றோரின் வரலாறுகளைப் படிக்கும்போது அவர்கள் பெற்ற வெற்றிகளையே நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்க்கிறோம். அவர்கள் எங்கே தவறினார்கள், ஏன் தவறினார்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்து விலகிவிடுகிறோம். ஆனால் விமானத் துறையில் அப்படி விலகிப் போக முடியாது. ஒரு விபத்தின் காரணத்தை ஒளிவுமறைவின்றி ஆராய்ந்தால்தான் அடுத்த விமானி உயிர் பிழைப்பார். இந்த நோக்கத்தோடுதான் அமீலியா ஏர்ஹார்ட் என்னும் வீரப் பெண்மணியின் வாழ்க்கையை இங்கே காண முற்படுகிறோம். அவருடைய துணிவைப் போற்றுவோம். அவருடைய இரட்டை எஞ்சின் விமானத்துக்கு நேர்ந்ததையும் அஞ்சாமல் நோக்குவோம்.

அமெரிக்க நாட்டின் கான்சஸ் மாநிலத்தில் அட்சிசன் என்னும் ஊரில், 1897ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் அமீலியா பிறந்தார். தாய்வழிப் பாட்டனார் ஓய்வு பெற்ற நீதிபதி; வசதியான குடும்பம். பெண் குழந்தைகள் அடக்கமாக அமர்ந்து பொம்மை வைத்து விளையாட வேண்டும் என்று ஊரார் எதிர்பார்த்த காலம் அது. சிறுமி அமீலியாவோ மரம் ஏறினாள். பனிச்சறுக்கு வண்டியில் படுத்தபடியே சரிவில் பாய்ந்தாள். ஏழு வயதில் கொட்டகைக் கூரையிலிருந்து தரைவரை பலகைகளைச் சாய்த்துப் பாதை அமைத்து, ஒரு மரப்பெட்டியில் ஏறிச் சறுக்கி விழுந்தாள். உதட்டில் அடிபட்டது, உடை கிழிந்தது. உற்சாகம் மட்டும் குறையவில்லை.

ஆனால் அந்த இல்லத்தின் இன்பம் நெடுநாள் நீடிக்கவில்லை. வழக்கறிஞராக இருந்த தந்தை மதுப்பழக்கத்துக்கு அடிமையானார், வேலையையும் இழந்தார். குடும்பம் ஊர் ஊராக அலைந்தது. தந்தையை மிகவும் நேசித்த பெண்ணுக்கு இது எத்தகைய வேதனை என்பதை நாம் உணர்ந்துகொள்ளலாம். ஆயினும் அமீலியா மனம் உடைந்துவிடவில்லை. சிகாகோவில் உயர்நிலைப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது எந்தப் பள்ளியில் வேதியியல் ஆய்வுக்கூடம் நன்றாக இருக்கிறது என்று தாமே சென்று பார்த்து முடிவு செய்தார். ஆண்கள் மட்டுமே செய்துவந்த தொழில்களில் வெற்றி கண்ட பெண்களைப் பற்றிய பத்திரிகைச் செய்திகளைக் கத்தரித்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒட்டிவந்தார். அந்த நோட்டில் தம்மைப் பற்றிய செய்தியும் ஒட்டத்தக்க காலம் வரும் என்று அப்போது அவர் அறியார்.

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1917ஆம் ஆண்டின் இறுதியில், கனடாவின் டொராண்டோ நகரில் படித்துவந்த தங்கையைப் பார்க்கச் சென்றார். கை இழந்தும் கால் இழந்தும் திரும்பி வந்த போர்வீரர்களைத் தெருவில் கண்டார். கல்லூரிப் படிப்பை விட்டுவிட்டு அந்நகரின் இராணுவ மருத்துவமனையில் செவிலியருக்கு உதவியாளராகச் சேர்ந்தார். தரை துடைத்தார், உணவு பரிமாறினார், நோயாளிகளுக்குத் துணையாக இருந்தார். 1918இல் உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சலின்போதும் பணி செய்து, தாமும் நோய்வாய்ப்பட்டார்.

1920ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கலிபோர்னியாவில் ஒரு விமானக் காட்சிக்குத் தந்தையுடன் சென்றார். பத்து டாலர் கொடுத்து, பத்து நிமிடங்கள் வானில் பறந்தார். தரையிலிருந்து சில நூறு அடி எழும்பியதுமே, தாம் விமானியாகத்தான் வேண்டும் என்ற உறுதி அவர் உள்ளத்தில் பிறந்துவிட்டது. அடுத்த மாதமே நீட்டா ஸ்னூக் என்ற பெண் விமானியிடம் பாடம் கற்கத் தொடங்கினார். பயிற்சிக்குப் பணம் வேண்டுமே! தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தார், புகைப்படம் எடுத்தார், லாரியும் ஓட்டினார். மஞ்சள் நிறமான சிறிய விமானம் ஒன்றை வாங்கினார். 1922இல் 14,000 அடி உயரம் பறந்து பெண்களில் புதிய சாதனை படைத்தார்.

சாதனை செய்தாலும் பறப்பது அன்று சோறு போடும் தொழிலாக இல்லை. பாஸ்டன் நகரில் ஏழைகளுக்கான ஒரு சமூக நல நிலையத்தில் பணியாற்றினார். சிரியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் குடியேறிய குடும்பங்களின் குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்பித்தார். அங்கே இருக்கும்போதுதான் 1928இல் அட்லாண்டிக் மாகடலை விமானத்தில் கடக்கும் முதல் பெண்ணாகும் வாய்ப்பு அவரைத் தேடி வந்தது. ஸ்டல்ட்ஸ், கார்டன் என்னும் இருவர் விமானத்தைப் பார்த்துக்கொள்ள, இவர் பயணியாக அமர்ந்து சென்றார். 20 மணி 40 நிமிடங்களில் வேல்ஸ் நாட்டை அடைந்தனர். உலகமே அவரைக் கொண்டாடியது. ஆனால் அந்தப் பாராட்டு அவருக்கு இனிக்கவில்லை. தாம் ஒரு மூட்டையைப் போலச் சுமந்து செல்லப்பட்டதாகவே அவர் கருதினார். தகுதியில்லாமல் வந்த புகழைத் தகுதியோடு திரும்பப் பெறவேண்டும் என்று உறுதி பூண்டார். மாணவியரே, இந்த ஒரு குணத்துக்காகவே அவரை நாம் வணங்கலாம்.

நான்கு ஆண்டுகள் உழைத்தார். 1932ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள், நியூபவுண்ட்லாந்திலிருந்து தன்னந்தனியே புறப்பட்டார். உயரம் காட்டும் கருவி பழுதாயிற்று. இறக்கைகளில் பனிக்கட்டி படிந்தது. எஞ்சினின் புகைபோக்கிப் பிளவிலிருந்து தீ நாக்குகள் வெளியே தெரிந்தன. அவர் திரும்பவில்லை. 14 மணி 56 நிமிடங்களுக்குப் பின் வட அயர்லாந்தின் ஒரு மேய்ச்சல் நிலத்தில், பசுக்களுக்கு நடுவே இறங்கினார். அட்லாண்டிக்கைத் தனியே கடந்த முதல் பெண் அவரே. 1935இல் ஹவாயிலிருந்து கலிபோர்னியாவுக்கும் தனியே பறந்தார். அதை அதற்குமுன் ஆணும் செய்ததில்லை. பெண் விமானிகளின் சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். பர்டியூ பல்கலைக்கழகத்தில் மாணவியருக்கு வாழ்க்கைத் தொழில் பற்றி ஆலோசனை வழங்கினார்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் உதவியால்தான் 1936இல், தம் 39ஆவது பிறந்த நாளில், லாக்ஹீட் எலெக்ட்ரா என்னும் இரட்டை எஞ்சின் விமானத்தைப் பெற்றார். பத்துப் பயணிகள் செல்லத்தக்க விமானம் அது. இருக்கைகளை அகற்றிவிட்டு எரிபொருள் தொட்டிகளைப் பொருத்தினார்கள். நிலநடுக்கோட்டை ஒட்டி உலகைச் சுற்றிவருவது அவருடைய திட்டம்.

இரண்டு எஞ்சின்கள் இருந்தால் இருமடங்கு பாதுகாப்பு என்று நாம் நினைப்பது இயல்பு. ஒன்று நின்றால் மற்றொன்று காப்பாற்றும் அல்லவா? பாதி உண்மைதான். ஒரு பக்க இறக்கையில் மட்டும் எஞ்சின் இயங்கும்போது விமானம் நேரே செல்லாது. ஒரு மாட்டை மட்டும் பூட்டிய இரட்டை மாட்டு வண்டியைப் போலப் பக்கவாட்டில் இழுக்கும். விமானி உடனே வால்சுக்கானை மிதித்து அதைத் திருத்தவேண்டும். வேகம் குறையாமலும் பார்த்துக்கொள்ளவேண்டும். பாரம் மிகுதியாக இருந்தால் எஞ்சிய ஓர் எஞ்சினால் தாங்கவே முடியாது. மேலும் எரிபொருள் தீர்ந்துவிட்டால் இரண்டும் சேர்ந்தே நின்றுவிடும். ஆகவே இரட்டை எஞ்சின் விமானம் கூடுதல் வலிமையைத் தருவதோடு கூடுதல் கவனத்தையும் கேட்கிறது.

இதை அமீலியா ஹவாய்த் தீவில் அனுபவத்தால் அறிந்தார். 1937 மார்ச் 20ஆம் நாள் விடியற்காலையில், தொட்டிகளில் பெரும் பாரமான எரிபொருளோடு விமானம் ஓடுபாதையில் விரைந்தது. திடீரென வலப்புறம் விலகியது. அதைச் சரிசெய்ய இடப்பக்க எஞ்சினின் வேகத்தைக் குறைத்தார். இப்போது விமானம் இடப்புறமாகச் சுழன்றது. அக்காலத்து விமானங்களுக்கு வாலில்தான் சிறு சக்கரம். எடையின் பெரும்பகுதி முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும். சுழற்சி ஒருமுறை தொடங்கினால் அந்தப் பாரமே வாலை மேலும் மேலும் தள்ளும். சக்கரத் தாங்கிகள் முறிய, விமானம் வயிறு தரையில் உராயச் சறுக்கி நின்றது. எரிபொருள் கசிந்தும் தீப்பற்றவில்லை. அனைவரும் உயிர் தப்பினர். டயர் வெடித்ததா, எஞ்சின்களைக் கையாண்ட முறை தவறா என்பதில் வல்லுநர்கள் ஒருமனப்படவில்லை.

விமானத்தைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பழுது பார்த்தார்கள். அதற்குள் ஒரு பெரிய இழப்பு நேர்ந்தது. வானொலித் தொடர்பில் தேர்ந்தவரான ஹாரி மானிங் குழுவிலிருந்து விலகிச் சென்றார். வழிகாட்டுவதில் வல்லவரான பிரெட் நூனன் மட்டுமே துணையாக எஞ்சினார். மோர்ஸ் தந்தி முறையில் இருவருக்கும் போதிய தேர்ச்சி இல்லை.

பருவக்காற்றுகள் மாறிவிட்டதால் இம்முறை கிழக்கு நோக்கிப் பயணம் அமைந்தது. ஜூன் 1ஆம் நாள் மயாமியிலிருந்து புறப்பட்டு, தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா ஆகியவற்றைக் கடந்தனர். செங்கடல் கரையிலிருந்து எங்கும் இறங்காமல் பறந்து, அன்று பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த கராச்சியை அடைந்தனர். அங்கே அமீலியா ஒட்டகச் சவாரியும் செய்து மகிழ்ந்தார். ஜூன் 17ஆம் நாள் கல்கத்தாவின் டம்டம் நிலையத்தில் இறங்கினர். மழையால் நிலையம் சேறாகிக் கிடந்தது. மறுநாள் அந்தச் சேற்றிலிருந்து பாரமான விமானம் எழும்பி, எல்லையில் நின்ற மரங்களை மயிரிழையில் தாண்டியது. பர்மாவின் ஆக்யாபை விட்டுக் கிளம்பியபோது தென்மேற்குப் பருவமழை இறக்கைகளின் வண்ணப்பூச்சையே பெயர்த்துவிடும்படி அடித்து, அவர்களைத் திருப்பி அனுப்பியது. நம் நாட்டு மழையின் வலிமையை அவர் நன்றாகவே அறிந்துகொண்டார்! பிறகு ரங்கூன், பாங்காக், சிங்கப்பூர், ஜாவா, ஆஸ்திரேலியா வழியாக ஜூன் 29ஆம் நாள் நியூகினியின் லே என்னும் ஊரை அடைந்தனர். ஏறத்தாழ 35,000 கிலோமீட்டர் கடந்தாயிற்று. எஞ்சியது பசிபிக் மட்டுமே.

அடுத்து இறங்கவேண்டிய இடம் ஹவுலண்ட் தீவு. நீளம் இரண்டரைக் கிலோமீட்டருக்கும் குறைவு. கடல்மட்டத்துக்கு மேல் சில மீட்டர் உயரம். லேயிலிருந்து 4,100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. தீவுக்கு அருகில் இட்டாஸ்கா என்னும் கடலோரக் காவற்படைக் கப்பல் வானொலியால் வழிகாட்டக் காத்திருந்தது. புறப்படுவதற்கு முன்தினம் லேயில் சோதனைப் பறப்பு ஒன்று நடந்தது. திசை காட்டும் வானொலிக் கருவி அப்போது சரியான விடை தரவில்லை. நிலையம் மிக அருகில் இருப்பதால் அப்படி என்று எண்ணி, அதைப் பெரிதாகக் கருதாமல் விட்டனர்.

ஜூலை 2ஆம் நாள் காலை பத்து மணிக்கு எலெக்ட்ரா புறப்பட்டது. இரவு முழுவதும் பறந்தது. விடிந்தபின் அமீலியாவின் குரல் கப்பலில் மிகத் தெளிவாகக் கேட்டது. தாங்கள் கப்பலுக்கு நேர்மேலே இருக்கவேண்டும் என்றும், ஆனால் கப்பல் கண்ணுக்குத் தெரியவில்லை என்றும், எரிபொருள் குறைந்துவிட்டது என்றும் அறிவித்தார். கப்பலின் குரலோ அவருக்குக் கேட்கவில்லை. அவர் விரும்பிக் கேட்ட அலைவரிசையில் வந்த சைகை ஒன்று மட்டும் காதில் விழுந்தது. ஆனால் அந்த அலைவரிசையில் திசையறிய அவருடைய கருவியால் இயலவில்லை. கப்பல் கரும்புகையைக் கக்கி அடையாளம் காட்டியது. காலை வெயிலில் கடல்மேல் விழும் மேகநிழல் ஒவ்வொன்றும் ஒரு தீவைப் போலத் தோன்றியிருக்கும். புறப்பட்டு இருபது மணி நேரத்துக்குப் பின் கடைசிச் செய்தி வந்தது. பிறகு மௌனம்.

கப்பல்களும் விமானங்களும் இரண்டு வாரங்களுக்கு மேல் தேடின. ஒரு தடயமும் கிடைக்கவில்லை. ஜூலை 19ஆம் நாள் தேடல் நிறுத்தப்பட்டது. எரிபொருள் தீர்ந்து கடலில் மூழ்கியது என்பதே பலரின் முடிவு. தெற்கே வேறொரு தீவில் ஒதுங்கினார்கள் என்று நம்புவோரும் உண்டு. 2024இல் வெளியான கடலடி ஒலியலைப் படம் ஒன்று விமானம் போலத் தோன்றி நம்பிக்கை ஊட்டியது; பின்னர் அது வெறும் பாறை என்று தெரியவந்தது.

இதில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. புயல் அடித்ததாகவோ எஞ்சின் பழுதானதாகவோ அவர் அனுப்பிய கடைசிச் செய்திகளில் இல்லை. வானொலி வல்லவர் இல்லாமை, சோதனையில் தென்பட்ட குறையை ஆராயாமை, கப்பலோடு அலைவரிசையும் நேரமும் குறித்துத் தெளிவான ஏற்பாடு இல்லாமை ஆகிய சிறு சிறு குறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. தனித்தனியே எதுவும் உயிரைப் பறிக்கக்கூடியதன்று. எல்லாம் ஒரே காலையில், எரிபொருள் தீரும் வேளையில் கூடின. பெரும்பாலான விமான விபத்துகளின் வரலாறு இப்படித்தான் இருக்கிறது.

அப்படியானால் அவர் போகாமல் இருந்திருக்க வேண்டுமா? நாம் அப்படிச் சொல்லமாட்டோம். ஆபத்தை அறிந்தே அவர் சென்றார். ஆனால் துணிவு இருக்கும் இடத்தில் ஆயத்தமும் இருக்கவேண்டும் என்பதை அவருடைய வாழ்வே நமக்குச் சொல்லித்தருகிறது. தேர்வு எழுதும் மாணவிக்கும், ஆய்வுக்கூடத்தில் அமிலம் ஊற்றும் மாணவிக்கும், நாளை மருத்துவமனையில் மருந்து அளக்கப்போகும் செவிலிக்கும் இது பொருந்தும். பரவாயில்லை என்று நாம் ஒதுக்கும் சிறு ஐயமே பிறகு பெரிதாக நம்முன் வந்து நிற்கும்.

1967ஆம் ஆண்டு ஆன் பெல்லக்ரினோ என்னும் அமெரிக்கப் பெண்மணி அதே இனத்தைச் சேர்ந்த இரட்டை எஞ்சின் விமானத்தில், தோழர்களுடன் அமீலியாவின் வழியைப் பின்பற்றி உலகைச் சுற்றினார். சரியாக முப்பது ஆண்டுகளுக்குப்பின் ஹவுலண்ட் தீவைத் தேடிக் கண்டு, அதன்மேல் ஒரு மலர்வளையத்தைப் போட்டுவிட்டுப் பத்திரமாக ஊர் திரும்பினார்.